பழைய அக்கார்டியனின் வயது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தாத்தா தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்த அக்கார்டியன் ஒன்று வீட்டில் இருக்கிறது. முகப்பில் 'பாவ்லோ சோப்ராணி' என்ற பெயரும், அதன் கீழே 'காஸ்டல்ஃபிதார்தோ 1863' என்ற வரியும் உள்ளன. வலப்புறம் 41 கட்டைகள், இடப்புறம் 120 பேஸ் பொத்தான்கள், கட்டைகளை ஒட்டி ஏழு சுவிட்சுகள். அப்படியென்றால் இந்தக் கருவிக்கு நூற்றறுபது வயது கடந்துவிட்டதா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: கடக்கவில்லை. 1863 என்பது பாவ்லோ சோப்ராணி இத்தாலியின் காஸ்டல்ஃபிதார்தோ ஊரில் தம் பட்டறையைத் தொடங்கிய ஆண்டு. உங்கள் கருவி பிறந்த ஆண்டு அதுவன்று. தொழில் தொடங்கிய ஆண்டைப் பெருமையாகப் பொறித்துக்கொள்வது அக்கார்டியன் தயாரிப்பாளர்களிடையே பரவலான வழக்கம். ஸ்ட்ரதெல்லா நகரத்து தல்லாப்பே நிறுவனத்தின் பெயரோடு 1876 என்ற ஆண்டு வருவதும், ஜெர்மனியின் டிராஸிங்கன் ஊரைச் சேர்ந்த ஹோனர் நிறுவனத்தின் பெயரோடு 1857 வருவதும் இதே கணக்குதான். ஹோனர் விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. 1857இல் அவர்கள் செய்யத் தொடங்கியது மவுத் ஆர்கன். அக்கார்டியன் செய்யத் தொடங்கியதோ 1903இல். எனவே 1857ஆம் ஆண்டு ஹோனர் அக்கார்டியன் என்று ஒருவர் விற்க வந்தால், அவரிடம் இருப்பது பழம்பொருள் அன்று, வாய்ஜாலம் மட்டுமே.

இனி உங்கள் கருவிக்கு வருவோம். பெயர்ப்பலகையை ஒரு துணியால் மூடிவிட்டு, மிச்சமுள்ள உடலைப் பாருங்கள். வியன்னாவில் 1829 மே மாதம் சிரில் டெமியான் என்பவர் காப்புரிமை பெற்ற முதல் அக்கார்டியன், மடியில் வைத்து வாசிக்கத்தக்க சிறு பெட்டி. அதில் பியானோக் கட்டைகள் கிடையா. 1850களில் வியன்னாவிலும் பாரிசிலும் பியானோக் கட்டைகளைப் பொருத்திப் பார்த்தார்கள் என்றாலும், அந்த வடிவம் பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான். 1910களில் அமெரிக்க மேடைகளில் கீதோ தெய்ரோ, பியேத்ரோ தெய்ரோ என்ற இத்தாலியச் சகோதரர்கள் வாசித்துப் புகழ்பெற்ற பிறகே பியானோ அக்கார்டியனுக்குப் பெரிய சந்தை உருவாயிற்று. இடப்புறத்தில் ஆறு வரிசையாக, வரிசைக்கு இருபதாக அமைந்த 120 பொத்தான்களும் அப்படித்தான். அந்த அமைப்புக்கு ஸ்ட்ரதெல்லா நகரத்தின் பெயரே வழங்குகிறது என்றாலும், முழு வளர்ச்சி பெற்ற ஆறு வரிசை இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில்தான் பொது வழக்கானது. அதற்கு முந்தைய கருவிகளில் நாலு அல்லது ஐந்து வரிசையே இருக்கும்.

எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் பேசுபவை, ஒலியின் நிறத்தை மாற்றும் அந்த ஏழு சுவிட்சுகள். 1920களின் கருவிகள் பெரும்பாலானவற்றில் வலப்புறச் சுவிட்சே இராது; இருந்தால், கட்டைகளுக்குப் பின்னால் உள்ளங்கையால் தள்ளுகிற ஒற்றை நெம்புகோல் இருக்கும். 1930களின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு மூன்றாகப் பெருகி, போருக்குப் பிறகு ஐந்து, ஏழு, பதினொன்று என்று வளர்ந்தன. சுவிட்சின் மேல் வட்டத்துக்குள் புள்ளிகளும் குறுக்குக் கோடுகளும் இருந்தால், அது இன்னும் பிற்காலத்தது என்று கொள்ளலாம். எனவே உங்கள் தாத்தாவின் கருவியை 1950களிலோ 1960களிலோ வைப்பதுதான் பொருந்தும்.

இதில் ஒரு பொது நெறி இருக்கிறது: எந்தக் கருவியும், அதனோடு சேர்ந்தே பிறந்த உறுப்புகளில் மிகப் பிந்தையதைவிடப் பழையதாக இருக்க முடியாது. பழையது எது என்று தேடுவதை விட்டுப் புதியது எது என்று தேடுங்கள். அது தொழிற்சாலையில் பொருத்தியதா, பின்னாளில் யாரேனும் மாற்றியதா என்பதை மட்டும் கவனமாகத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பழைய இசைக்கருவிக் கடையொன்றில் இரண்டு ஜெர்மன் அக்கார்டியன்களைப் பார்த்தேன். ஒன்றில் 'வெல்ட்மெய்ஸ்டர்' என்றும் 'ஜெர்மன் டெமாக்ரடிக் ரிபப்ளிக்' என்றும் இருந்தது. மற்றொன்றில் 'மேட் இன் ஜெர்மனி' என்பதோடு 'டி.ஆர்.ஜி.எம்.' என்ற நான்கு எழுத்துகள் மட்டும் இருந்தன. இவற்றிலிருந்து காலத்தை அறிய முடியுமா? – ஈரோடு வாசகி

பதில்: முடியும். உண்மையில், கருவியின் மேல் காணப்படும் எழுத்துகளில் எனக்கு மிகுந்த நம்பிக்கை உள்ளவை இவைதான். ஏனென்றால் இவை விளம்பரத்துக்காக எழுதப்பட்டவை அல்ல, சட்டத்துக்காகவும் சுங்கத்துக்காகவும் எழுதப்பட்டவை.

முதல் கருவி எளிது. 'ஜெர்மன் டெமாக்ரடிக் ரிபப்ளிக்', அதாவது கிழக்கு ஜெர்மனி என்ற நாடு, 1949 அக்டோபரில் தோன்றி 1990 அக்டோபரில் மறைந்தது. சாக்சனி மாநிலத்தின் கிளிங்கன்தால் ஊரில் போருக்கு முன் சிறிதும் பெரிதுமாக இயங்கிய பட்டறைகள் பல அந்நாளில் அரசுடைமையாகி ஒரே அமைப்பின் கீழ் வந்தன. வெல்ட்மெய்ஸ்டர் அந்த அமைப்பின் வணிகப் பெயர். நிறுவனப் பெயருக்கு முன் 'வி.இ.பி.' என்ற எழுத்துகள் இருந்தால் அது 'மக்கள் உடைமை நிறுவனம்' என்பதன் சுருக்கம். அதுவும் இந்த நாற்பது ஆண்டுகளையே சுட்டும். அதற்குள் மேலும் நெருங்க வேண்டுமானால் தோற்றத்தைத்தான் துணைக்கொள்ள வேண்டும். உருண்ட விளிம்புகளும் முத்துச்சிப்பி மினுக்கும் கொண்டவை முன்னதாகவும், நேர்கோட்டு முகப்பும் ஒற்றை நிறமும் கொண்டவை பின்னதாகவும் இருப்பது பெரும்பான்மை.

இரண்டாவது கருவி சுவையானது. டி.ஆர்.ஜி.எம். என்பது ஜெர்மன் ரைஷ் என்ற பெயரில் இயங்கிய ஆட்சியில், 1891 முதல், சிறு கண்டுபிடிப்புகளுக்கு அளிக்கப்பட்ட பதிவுரிமையின் குறி. 'டி.ஆர்.பி.' என்றிருந்தால் அது 1877 முதல் வழங்கிய முழுக் காப்புரிமை. இரண்டும் 1945இல் அந்த ஆட்சியோடு முடிந்தவை. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் இரண்டாம் எழுத்து மாறி 'டி.பி.ஜி.எம்.', 'டி.பி.பி.' என்றாயிற்று. ஆகவே நீங்கள் கண்ட கருவி பெரும்பாலும் போருக்கு முந்தியது. ஆனால் பழைய அச்சும் பழைய உதிரிப் பாகமும் கையிருப்பில் இருந்தால் எந்தப் பட்டறையும் அவற்றை உடனே தூக்கி எறிந்துவிடாது. குறி ஒரு சிறு பூட்டின் மேலோ கொக்கியின் மேலோ மட்டும் இருக்கிறதா, உடலின் மேல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பூட்டு பழையதாக இருப்பது கருவி பழையது என்பதற்குச் சான்றாகாது.

'மேட் இன் ஜெர்மனி' என்ற வாசகம் மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை. பிரிட்டன் 1887இல் இயற்றிய வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகு அந்த வாசகம் தோன்றிப் பரவியது, இன்றும் வழங்குகிறது. 'வெஸ்டர்ன் ஜெர்மனி' அல்லது 'வெஸ்ட் ஜெர்மனி' என்றிருந்தால் அது பிரிவினைக் காலத்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

கேள்வி: என் கருவியின் உள்ளே ஐந்து இலக்க எண் முத்திரையிடப்பட்டிருக்கிறது. இந்த எண்ணைக் கொண்டு தயாரிப்பு ஆண்டைத் தேடும் பட்டியல் எங்கே கிடைக்கும்? – மதுரை வாசகர்

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்காத அக்கார்டியன்காரர் இல்லை. எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தந்தான். பெரும்பாலான இத்தாலிய, ஜெர்மன் அக்கார்டியன்களுக்கு, எண்ணைச் சொன்னால் ஆண்டைச் சொல்லும் நம்பகமான பொதுப் பட்டியல் கிடையாது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் இயங்கிய தொழில் இது. பல மூடிவிட்டன, சில இணைந்துவிட்டன, சில எண்வரிசையை இடையில் மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கின.

இதே குடும்பத்தைச் சேர்ந்த கான்செர்ட்டினாவின் நிலை வேறு. லண்டனின் வீட்ஸ்டன் நிறுவனத்துப் பழைய கணக்கேடுகள் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. வீட்ஸ்டன் கான்செர்ட்டினா வைத்திருப்பவர் தம் எண்ணை அதில் தேடி, கருவி எந்த நாளில் பதிவானது என்பது வரை பார்த்துவிட முடியும். அக்கார்டியன்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனாலும் எண்ணை அலட்சியம் செய்ய வேண்டாம். கையால் இழைத்துப் பொருத்தும் வேலையில் ஒரு கருவியின் உறுப்பு இன்னொன்றுக்குச் சரியாக அமையாது என்பதால், துருத்திச் சட்டத்திலும், ரீட் கட்டைகளிலும் (ஒலி எழுப்பும் உலோக நாக்குகளான ரீட்களைத் தாங்கும் மரக்கட்டைகள்), பேஸ் பக்கப் பலகையிலும் ஒரே எண்ணைப் பொறிப்பதோ பென்சிலால் எழுதுவதோ வழக்கம். உங்கள் கருவியில் அந்த எண்கள் ஒத்துப்போனால், அது பிரிக்கப்பட்டு வேறொன்றோடு கலக்கப்படவில்லை என்று கொள்ளலாம். ஒத்துப்போகாவிட்டால், முதல் பதிலில் சொன்ன நெறியைக் கருவியின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகத்தான் கையாள வேண்டும்.

கேள்வி: கருவியைத் திறந்து பார்க்கச் சொல்கிறீர்கள். கெடுத்துவிடாமல் திறப்பது எப்படி? திறந்தால் எதைப் பார்க்க வேண்டும்? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: துருத்தியை உடலோடு பிணைத்திருப்பவை, விளிம்பைச் சுற்றி வரிசையாக இறங்கியிருக்கும் மெல்லிய ஆணிகள். குறட்டின் வாயில் ஒரு துண்டுத் தோலைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொன்றையும் இலேசாகத் திருகியபடி நேராக இழுங்கள். பக்கவாட்டில் நெம்பினால் செல்லுலாய்டு மேலுறை விண்டுவிடும். ஓர் அட்டையில் கருவியின் சதுரத்தை வரைந்து, ஆணிகளை எடுத்த இடத்துக்கு நேராக அதில் குத்தி வையுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அவை ஒரே நீளத்தவை அல்ல. துளைகளும் ஒரே கோணத்தவை அல்ல. இந்த ஒரு சிரமத்தைத் தவிர்த்துவிட்டு, பின்னர் மூடும்போது காற்றுக் கசிகிறது என்று தவித்தவர்கள் பலர்.

திறந்ததும் முதலில் மூக்குக்குத்தான் வேலை. நல்ல நிலையில் உள்ள கருவியில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மணம் வரும். ரீட் தகடுகளை மரக்கட்டையில் பதித்துக் காற்றுப் புகாமல் அடைப்பது அந்தக் கலவைதான். பூஞ்சை வாடை வந்தால் தோல் வால்வுகள் கெட்டிருக்கக்கூடும். நம் கடற்கரை ஊர்களில் எஃகு ரீட் நாக்குகளின் மேல் செம்மண் தூசு போலத் துரு படிந்திருப்பதும் சாதாரணம்.

பிறகு ஒரு ரீட் தகட்டை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். ஒரு தகட்டில் இரண்டு நாக்குகள் இருக்கும். ஒன்று துருத்தியை இழுக்கும்போதும் மற்றொன்று அழுத்தும்போதும் ஒலிக்கும். வேலையில்லாத நாக்கின் வழியே காற்றுச் செல்லாமல் தடுப்பது எதிர்ப்பக்கத்துத் தோல் துண்டு. நாக்கின் இரு ஓரங்களிலும் மெல்லிய நீலச்சாயல் ஓடினால், ரிவிட் தலை சுத்தியல் பட்டுச் சற்றே ஒழுங்கற்றிருந்தால், நெடுக்காக அரத்தின் கீறல்கள் தெரிந்தால், அது கையால் செய்த உயர்தர ரீட் என்பதற்கான அடையாளம். எல்லா நாக்குகளும் அச்சில் வார்த்தது போல் ஒரே சீராகவும் ஓரம் வெளுத்தும் இருந்தால் எந்திரத்தில் வெட்டியவை. தகடு கையில் கனமாகவும் சாம்பல் நிறமாகவும் இருந்தால் துத்தநாகம். பழைய ஜெர்மன் கருவிகள் பலவற்றில் அதைக் காணலாம். இலேசாகவும் வெண்மையாகவும் இருந்தால் அலுமினியக் கலவை. தோல் வால்வுக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தால், அவை பிற்காலத்தவையாகவோ பழுது பார்த்தவர் மாற்றியவையாகவோ இருக்கும்.

இப்போதுதான் முக்கியமான இடம். ரீட் கட்டைகளின் பக்கவாட்டிலும், துருத்தியின் உட்புற அட்டையிலும், பேஸ் பக்கப் பலகையின் மறைவிடங்களிலும் பென்சில் எழுத்துகளைத் தேடுங்கள். சுருதி சேர்த்தவர்கள் தங்கள் கையெழுத்தையும் தேதியையும் அங்கே எழுதி வைப்பது வழக்கம். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், மங்கிய எழுத்தும் தெரியும். அப்படிக் கிடைக்கும் ஒரு தேதி பழுது பார்த்த நாளாகவும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் கருவி அந்த நாளுக்கு முன்பே இருந்தது என்பதற்கு அதைவிட உறுதியான சான்று வேறில்லை; சுவிட்சுகளும் நாட்டுப் பெயரும் கீழ் எல்லையைத் தருகின்றன என்றால், பென்சில் தேதி மேல் எல்லையைத் தருகிறது. இரண்டுக்கும் இடையே பத்தாண்டு இடைவெளிக்குள் ஒரு கருவியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் அது நல்ல வேலை. துல்லியமாக ஒரே ஆண்டைச் சொல்பவரிடம் ஆதாரம் என்ன என்று கேளுங்கள்.

எதையும் சுரண்ட வேண்டாம், எண்ணெய் விட வேண்டாம், ரீட் நாக்கை விரலால் தூக்கிப் பார்க்கவும் வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு மூடிவிடுங்கள்.

கேள்வி: கருவியின் மேலுறையைத் தேய்த்தால் கற்பூர வாசனை வருகிறது. இது பிளாஸ்டிக்கா? சூடான ஊசியால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நண்பர் சொல்கிறார். – தூத்துக்குடி வாசகி

பதில்: நண்பர் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கற்பூர வாசனை வருவதே அது செல்லுலாய்டு என்பதற்குப் போதுமான அடையாளம். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் கலந்து செய்த பொருள் அது. பழைய திரைப்படச் சுருள்களும் அதே பொருளால் ஆனவை. எளிதில் தீப்பற்றும், பற்றினால் அணைப்பது கடினம்.

காலத்தைப் பொறுத்தவரை, அதற்கு முந்தைய கருவிகளில் மெருகேற்றிய மரமே வெளியில் தெரியும். செல்லுலாய்டு உறை 1920களில் பரவி, முத்துச்சிப்பி மினுக்கும் பதித்த கற்களும் 1930களில் உச்சத்துக்குப் போயின. போருக்குப் பின் கறுப்பும் சிவப்பும் மிகுந்தன. உறை சுருங்கி மூலைகளில் பிளந்தாலோ, ஒட்டும் தன்மை வந்தாலோ, அருகிலுள்ள உலோகத்தில் பச்சைக் களிம்பு படிந்தாலோ, செல்லுலாய்டு சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட கருவியைக் காற்றோட்டமில்லாத பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது. சமையலறைப் பக்கமும் வேண்டாம்.

கேள்வி: முகப்பில் உள்ள பெயரை எங்குமே கண்டுபிடிக்க முடியவில்லை. போலிக் கருவியா? – சேலம் வாசகர்

பதில்: அவசியமில்லை. இத்தாலியப் பட்டறைகள் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் இருந்த விற்பனையாளர்கள் கேட்ட பெயரைப் பொறித்தே ஏற்றுமதி செய்தன. இசைப்பள்ளியின் பெயரோ கடைக்காரரின் குடும்பப் பெயரோ முகப்பில் இருப்பது இயல்பு. அப்படிப்பட்ட கருவிகளில் உண்மையான தயாரிப்பாளரை முகப்பு கிரில்லின் வெட்டு வடிவம், சுவிட்சின் அமைப்பு, பேஸ் பக்கப் பலகையின் துளை வடிவம் ஆகியவற்றைப் பெயர் தெரிந்த கருவிகளோடு ஒப்பிட்டுத்தான் ஊகிக்க முடியும். பெயரே ஆண்டைக் காட்டும் நல்வாய்ப்பும் சில நேரம் உண்டு. ஸ்கந்தல்லி, செத்திமியோ சோப்ராணி, ஃப்ரொந்தலீனி ஆகிய மூன்றும் 1946இல் இணைந்து உருவானதே ஃபார்ஃபிஸா. ஆகவே அந்தப் பெயர் எங்கேனும் இருந்தால் கருவி 1946க்குப் பிந்தியது.

கேள்வி: என்னிடம் உள்ள பெட்டியில் கட்டைகள் இல்லை, இரண்டு வரிசைப் பொத்தான்கள்தான். ஒரே பொத்தான் இழுக்கும்போது ஒரு சுரமும் அழுத்தும்போது வேறு சுரமும் தருகிறது. பழுதா? – புதுச்சேரி வாசகர்

பதில்: பழுதன்று, அதன் இயல்பே அது. டெமியானின் 1829ஆம் ஆண்டுக் கருவியும் இவ்வாறே இரு திசைக்கு இரு ஒலி தந்தது. வடிவம் பழையது என்பதால் உங்கள் கருவி பழையது என்று ஆகிவிடாது; இன்றும் இவ்வகை செய்யப்படுகிறது. நாட்டுக் குறியையும் காப்புரிமைக் குறியையும் தேடுங்கள்.

கேள்வி: பழைய அக்கார்டியன் ஒன்றை வாங்க எண்ணுகிறேன். வயது அதிகமானால் மதிப்பும் அதிகமா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: வயலினுக்குப் பொருந்துகிற அந்த எண்ணம் இங்கே பொருந்தாது. மெழுகு உலர்ந்து விரிசல் விடுகிறது, தோல் சுருள்கிறது, எஃகு துருப்பிடிக்கிறது. எல்லா ரீட்களையும் கழற்றி மெழுகிட்டுச் சுருதி சேர்க்கும் செலவு, கருவியின் விலையையே மிஞ்சிவிடக்கூடும். வாசிப்பதற்கென்றால், 1930களின் மினுக்குப் பெட்டியைவிட 1960களின் எளிய தோற்றமுள்ள நல்ல ரீட் கொண்ட கருவியையே நான் தேர்வேன்.

வாங்குமுன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். துருத்தியின் வாரை அவிழ்த்து, வலப்புறத்தைப் பிடித்துத் தூக்கி, எந்தக் கட்டையையும் அழுத்தாமல் பேஸ் பக்கம் தன் கனத்தால் இறங்க விடுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் துருத்தியும் மூடிகளும் காற்றைப் பிடிக்கின்றன. சரேலென்று விழுந்தால் கசிவு இருக்கிறது. அடுத்து, ஒவ்வொரு கட்டையையும் இழுப்பிலும் அழுத்தத்திலும் தனித்தனியே, ஒவ்வொரு சுவிட்சிலும் கேளுங்கள். 41 கட்டைகளுக்கு இது அரை மணி நேர வேலை. விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வாங்கிய பின் கருவியை வாசிக்கும் நிலையில், தன் கால்களில் நிற்கும்படி வையுங்கள். நிறுத்திய காரில் சித்திரை வெயிலில் விட்டுச் செல்லாதீர்கள். தேன்மெழுகு அறுபது பாகை செல்சியசைத் தாண்டியதும் உருகத் தொடங்கும், அதற்கு முன்பே இளகிவிடும், இளகினால் ரீட் தகடுகள் வரிசையாகச் சரிந்துவிடும்.